ஒரு ஜோடி அதிகம்

அருங்காட்சியகம் பழைய மரவீடு. சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரிக்கு வருகிறவர்கள் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஜூலியஸ் ஒரு வாரமும் தவறியதில்லை. பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக இறங்கி, அங்கே வேலை செய்யும் மனைவி பிரிஜிட்டின் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். அவளுக்கு முட்டிவலி.

அவரை அடக்கம் செய்தபின் இன்றுதான் அவள் வேலைக்கு வந்தாள்.

“அக்கா, உள்ள இருபத்தாறு பேருதான். செருப்பு இருபத்தேழு ஜோடி இருக்குலா,” என்றான் காவலாளி எட்வின். “அந்த வாரு அறுந்தத தூக்கி ஓரமா போட்டுறவா?”

எட்டிப் பார்த்தாள். நீலச் சிலிப்பர், அறுந்த வாரில் செம்புக் கம்பி. சவப்பெட்டிக்குள் அவளே வைத்தது.

“இருக்கட்டும்லா. பாட்டு முடியட்டும்.”

கைதட்டல் ஓயுமுன் படிக்கு வந்தாள். இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. நீலச் சிலிப்பரைக் காணோம். மற்றச் செருப்பெல்லாம் வீட்டைப் பார்த்துக் கிடக்க, அவளுடையது மட்டும் தெருவைப் பார்த்திருந்தது.

முட்டி வலிக்காமல் மாட்டிக்கொண்டாள்.