ஏழாவது அறை

தமயந்தி தனக்குப் பிடித்த விண்வெளித் தொடரின் போர்க்கப்பலை வைத்து ஒரு கதை விளையாட்டு செய்திருந்தாள். படம் கிடையாது; வாசித்துக்கொண்டே போய், அடுத்து என்ன செய்வதென்று தேர்ந்தெடுக்க வேண்டும். மதியம் அதை ரசிகர் குழுவில் வெளியிட்டுவிட்டு, தலைக்குக் குளித்து வந்து கணினி முன் உட்கார்ந்தபோது தோழி ரெஜினா போனில் அழைத்தாள்.

"கப்பல்ல ஏழாவது அறையில இருக்கிறது யாருடி?"

தமயந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சோதித்துப் பார்ப்பதற்காக அந்த அறைக்குத் தன் அறையையே எழுதி வைத்திருந்தாள்: பச்சைச் சுவர், கை உடைந்த நாற்காலி. அழிக்க மறந்துபோயிற்று.

"அது காலி அறைடி. ஆளு யாரையும் நான் எழுதல."

"ஒருத்தி உக்காந்திருக்காளே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. தலையில ஈரத்துண்டு. 'அவளைக் கூப்பிடு', 'சத்தமில்லாமல் உள்ளே போ'ன்னு ரெண்டு வழி காட்டுது."

தலையில் சுற்றியிருந்த துண்டிலிருந்து ஒரு சொட்டு தமயந்தியின் பிடரியில் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ எதை அழுத்துன?"

"பயந்துபோய் மூடிட்டேன்," என்றாள் ரெஜினா. "ஆனா இப்ப நானூறு பேர் விளையாடிக்கிட்டு இருக்காங்கடி."