நூல்மூட்டை

மகனின் சடலத்தை மடியில் கிடத்திய மாதாவின் பழைய படத்தை, பல்லடத்துத் தறிக்காரியின் முகம் வைத்துப் புதிதாக வரைந்துகொண்டிருந்தாள் ஜோவிதா. அதற்காக உட்கார்ந்து காட்டியவர் இருதயம்மாள். அவர் மகன் வளைகுடாவில் வேலைக்குப் போன இடத்தில் செத்தான். பெட்டியை ஆணியடித்து அனுப்பியிருந்தார்கள். திறக்க விடவில்லை. தொடாமலே புதைத்தார்.

சேலை மடிப்பு சரியாக விழுவதற்கு, தினமும் அவர் மடியில் ஒரு நூல்மூட்டையை வைத்துவிட்டுத்தான் ஜோவிதா வரைவாள்.

"கொஞ்சம் நிமுந்து பாருங்கக்கா."

"நிமுந்தா அவன் மூஞ்சி எப்படித் தெரியும்? நீ உம்பட வேலையப் பாரு கண்ணு."

ஜோவிதா சிரித்துக்கொண்டாள். சாயங்காலம் படம் முடிந்தது.

"போதுங்கக்கா. மூட்டைய எடுத்துக்கறேன், எந்திரிங்க."

மூட்டை கதவோரம் கிடந்தது. இன்றைக்கு அதை அவர் மடியில் வைக்கவே மறந்திருந்தாள். இருதயம்மாளின் மடியில் சேலை அழுந்தியே இருந்தது.

"என்னத்தப் பாத்துட்டு நிக்கற? தலைய நீ புடி அம்மணி, கால நான் புடிச்சுக்கறேன்."

தூரிகையை வைத்துவிட்டு, ஜோவிதா குனிந்து கைகளை நீட்டினாள். முதலில் உள்ளங்கையில் முடி பட்டது. பிறகு கனம் இறங்கியது.