தோட்டா மெஷின் மாற்றியது

ஒக்ரோபர் 14, செவ்வாய்

இன்று ஒரு சின்னப் பிழையைத் திருத்தினேன். போன கிழமை வாங்கிய, தோட்டா செய்யும் மெஷின் எனக்குச் சரிவராதது. விலை குறைவு என்று அவசரப்பட்டுவிட்டேன். நெம்புகோலை நாள் முழுக்க இழுத்தும் பலன் இல்லை. எதற்குக் கருவி என்று தெளிவான பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும் என்று நான் போகும் மாலை வியாபார வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்! என் மண்டையில்தான் ஏறவில்லை.

துப்பாக்கிச் சாமான் கடை இக்னேசியஸ் அண்ணைக்கு மாற்றித்தர மனமில்லை.

"தம்பி, புதுசாத் தொடங்கிறவைக்கு உதுதான் நல்லது. ஒரு இழுவைக்கு ஒரு வேலை. பிழை விட்டாலும் கண்ணில படும். சத்தமும் இல்லை."

"எனக்குப் பெரிசுதான் வேணும் அண்ணை. தட்டுச் சுத்துறது."

"அது இழுவைக்கு ஒரு தோட்டா தள்ளும். என்ன, சண்டைக்கோ போறீர்?"

சிரித்துவைத்தேன். சரியாகச் சிரித்தேனா தெரியவில்லை.

"வெடிமருந்து, அதை நிறுக்கிற தராசு ஒண்டும் வேண்டாமோ? தாலி எடுக்காமல் கூறை மட்டும் எடுத்த மாதிரிக் கிடக்கு."

"அதெல்லாம் பிறகு அண்ணை."

டோர்செட் பார்க்கில் நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற்றில், மாற்றி வந்த பெரிய மெஷினை மேசையோடு சேர்த்துப் பூட்டினேன். நெம்புகோலை இழுத்தேன். தடக். இன்னொரு தரம். தடக்.

வீட்டுக்கார அமிர்தநாதர் அங்கிள் இறங்கி வந்தார். மனைவி யூஜினி அன்ரி படியிலேயே நின்றுவிட்டார்.

"உது என்ன தம்பி, வீடே அதிருது?"

"தோட்டா செய்யிற மெஷின் அங்கிள். பிஸ்டலுக்கு."

"ஐயோ, பொலிசுக்குப் போன் அடியுங்கோ!" என்றார் அன்ரி.

பொலிஸ் வந்தால் எல்லாம் முடிந்தது.

அங்கிள்தான் அன்ரியை அடக்கினார். "சும்மா இரும். உந்த பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட சிற்றி பெர்மிற் இல்லை. வந்தால் முதல்ல எங்களைத்தான் பிடிப்பாங்கள்." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மேல மகள் பிள்ளைத்தாச்சியா இருக்கிறாள். வேற இடம் பாருங்கோ."

"ஒரு வருசத்துக்கு எழுதினது அங்கிள். குளிர் வேற வருது. எங்கை போறது?"

"அட்வான்ஸைத் திருப்பித் தாறன். மேலால மூண்டு மாச வாடகையும் தாறன்."

நான் மெஷினைப் பார்த்தேன். கை தானாக நெம்புகோலுக்குப் போனது. தடக்.

"நாலாக் குடுத்து அனுப்புங்கோ, இஞ்சாருங்கோ!" என்று படியிலிருந்து கத்தினார் அன்ரி.

அங்கிள் போனிலேயே காசை அனுப்பிவிட்டுத்தான் படியேறினார். அன்ரிக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். மரியாதை இல்லாதவன் என்று நினைத்திருப்பாரோ?

நாளை: மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும், வகுப்புக்குப் போகும் வழியில், ரூஜ் பகுதியில் பெர்மிற் இல்லாத அடுத்த பேஸ்மென்ற்றைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.