மச்சான் கடையைத் தவிர

“எந்தக் கடைக்கு வேணும்னாலும் போலாம். உன் அண்ணன் கடைக்கு மட்டும் போகக்கூடாது” என்றார் மாயாண்டி.

அவர் மனைவி வீரம்மா கட்டில் விளிம்பைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வேறு காடி, அதாவது கார், வாங்கப் போகிறார்கள். “சுங்கை சிப்புட்லயே அண்ணன் பழைய காடி விக்கிறார். அதை விட்டுட்டு ஈப்போ வரைக்கும் போகணுமாங்க?”

“நம்ம பையன் ஷர்வின் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிச்சப்புறம் வந்த தாய்மாமன்தானே அவன்? அன்னிக்கு எவனுக்கோ காடி கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தானாம். மருமகனைவிட கஸ்டமர் பெருசு! அந்தப் பீச்சாங்கைக்காரன் கையால எனக்கு ஒண்ணும் வேணாம். பிரமிளா கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகையும் கிடையாது.”

வீரம்மாவின் அண்ணன் ஐயாவு இடதுகைக்காரர். கோபம் வந்துவிட்டால் மாயாண்டிக்கு அதுவும் ஒரு குற்றம்தான்.

கடைக்குட்டி பிரமிளாவின் கல்யாணம் தெலுக் இந்தானில், மாப்பிள்ளை வீட்டார் ஊரில். முட்டி இரண்டும் போன பிறகு வீட்டிலிருக்கும் தாழ்வான காடியில் அவளை ஏற்ற ஓர் ஆள் வேண்டும். இறக்க இரண்டு ஆள்.

“சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி என்னை அரிசி மூட்டை மாதிரி இறக்காதீங்க. அது போதும் எனக்கு” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஈப்போவில் முதல் கடை. பளபளவென்று ஒரு சிவப்புக் காடி. உட்காரப் போன வீரம்மா, “ஐயோ, கிணத்துல இறங்குற மாதிரி இருக்கு!” என்று அலறினாள்.

அடுத்த கடையில் உயரமான காடி. வீரம்மா அண்ணாந்து பார்த்தாள். “எஸ்டேட்டுல ரப்பர் பால் லாரியில தொத்தி ஏறின வயசா இது? வேணாம்லா.”

மாயாண்டி சளைக்கவில்லை. “ஆ சியோங் கடைக்குப் போலாம் வா. அவனுக்கும் உன் அண்ணனுக்கும் வியாபாரத்துல ஆகவே ஆகாது. அதுக்காகவே அவன்கிட்ட வாங்கணும்!”

“வாங்க மாயாண்டி அண்ணே! அக்காவுக்குத்தானே காடி?” ஆ சியோங் வேறெதையும் காட்டவில்லை. நேரே ஒரு வெள்ளைக் காடியிடம் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார்.

கதவு அகலமாகத் திறந்தது. இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. வீரம்மா திரும்பி நின்று, சும்மா உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். இன்னொரு காலும் எதிலும் இடிக்காமல் வந்துவிட்டது.

“இறங்கு பார்ப்போம்” என்று மாயாண்டி கையை நீட்டினார்.

அந்தக் கை தேவைப்படவில்லை. கதவோரத்தில், வழுக்காமல் கறுப்பு ரப்பர் சுற்றிய பிடி ஒன்று இருந்தது. அதைப் பிடித்து ஒரு இழு. வீரம்மா நின்றுவிட்டாள்.

“என்னங்க! நானே எழுந்துட்டேன்!”

“எங்கே, இன்னொரு தடவை!”

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்து எழுந்தாள். ராட்டினத்தை விட்டு இறங்க மனமில்லாத பிள்ளை மாதிரி சிரித்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, மண்டப வாசலில் சம்பந்தியைக் கும்பிடுவதுபோல் ஆ சியோங்கைக் கும்பிட்டாள். அவரும் சம்பந்தி மாதிரியே பதிலுக்குக் கும்பிட்டார்.

“பிடியெல்லாம் போட்டிருக்கே. முன்னாடி வச்சிருந்தது வயசான ஆளா?” என்று கேட்டார் மாயாண்டி.

ஆ சியோங் டயரைப் பார்த்தார். “நல்ல ஆளுலா, அண்ணே.”

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து காடி கைக்கு வந்த அன்று, மாயாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“நேரா உன் அண்ணன் கடை வாசலுக்குத்தான் போறோம். நான் அடிக்கிற ஹார்ன்ல அவன் காது கிழியணும். போட்டிக்காரன்கிட்ட வாங்கினதைப் பார்த்து வயிறு எரியட்டும்!”

வழியில் சிவப்பு விளக்கு. வீரம்மா அந்தப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, இது சைக்கிள் டியூப்பு. எஸ்டேட்டுல பால் வாளிப் பிடிக்குச் சுத்துவோமே, அது.”

“எஸ்டேட்டுல எல்லாரும்தான் சுத்தினோம். அதுக்கென்ன இப்போ?”

“எல்லாரும் வலப்பக்கமாச் சுத்துவோம். இது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க.”

மாயாண்டி எட்டிப் பார்த்தார். ரப்பர் இடப்பக்கமாகச் சுற்றி ஓடி, நுனி கடைசிச் சுற்றுக்குள் செருகப்பட்டிருந்தது. அந்த எஸ்டேட்டில் அப்படிச் சுற்றியவன் ஒருத்தன்தான்.

“இது அண்ணன் கைங்க” என்றாள் வீரம்மா. “அவர் கடைக்கு நீங்க வரமாட்டீங்க, போட்டிக்காரன் கடைக்குத்தான் போவீங்கன்னு தெரிஞ்சு, காடியை அங்கே கொண்டுபோய் வச்சிருக்கார்.”

விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற லாரி கத்தோ கத்தென்று கத்தியது. மாயாண்டி மெதுவாகக் காடியை எடுத்தார். சுங்கை சிப்புட்டுக்கே விட்டார்.

ஐயாவு கடை வாசலில் ஏதோ ஒரு காடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காடி வருவதைக் கண்டதும், தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாயாண்டி சொன்னபடியே காது கிழிய ஹார்ன் அடித்தார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“மச்சான்! பிரமிளா கல்யாணத்துக்கும் லேட்டா வந்து தொலைக்காதே. விடியக்காலையில நானே வந்து உன்னை ஏத்திக்கிறேன். வாசல்லயே நில்லு!”