எடுப்பான வண்டி

பழைய பேட்டரி ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு அதே மாதிரி புதுசாக ஒன்று எடுக்கத்தான் தவசி அருப்புக்கோட்டை ஷோரூமுக்கு வந்திருந்தார். அவர் மனைவி முருகேஸ்வரியோ அந்தப் பெரிய கறுப்பு மோட்டார் சைக்கிளை விட்டு நகரவில்லை.

“இதையே எடுங்க. உங்க உடம்புக்கு இதான் எடுப்பா இருக்கும்.”

“பெட்ரோலு குடிக்கும்டி.”

“குடிக்கட்டும்.”

கொத்தமல்லிக்கே பேரம் பேசுகிறவள் இப்படிச் சொன்னதில் தவசி குளிர்ந்துபோனார்.

“சீட்டு தாழ்வு அண்ணாச்சி, ரெண்டு காலும் நல்லா ஊனும். ஆள் ஏறினாலும் திணறாது,” என்றார் ஷோரூம்காரர். “சத்தந்தான் கூடுதல். வேணும்னா சத்தம் கம்மியா ஒண்ணு காட்டுறேன்.”

“வேண்டாம்,” என்றாள் முருகேஸ்வரி அவசரமாக. “வாரது யாருன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?”

தவசி மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுவாரம் ஒரு சாயங்காலம். பரளச்சியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், காய்ந்து கிடந்த கரிசல் காட்டில் மகள் நாகஜோதி ஓடிக்கொண்டிருந்தாள். போலீஸ் தேர்வு நெருங்கிவிட்டது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் போலீஸ் வேலை என்று குதிக்கிறவர் தவசி. பேட்டரி ஸ்கூட்டரில் பூனை மாதிரி வந்து இரண்டு தடவை அவளைப் பிடித்தும்விட்டார்.

தூரத்தில் ‘டப் டப்’ என்று கேட்டது.

“அப்பா கண்மாய்க்கரைக்கு வந்தாச்சு. உள்ள ஓடு,” என்றாள் முருகேஸ்வரி.

தவசி வண்டியை நிறுத்தியபோது நாகஜோதி வேர்க்க விறுவிறுக்க மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“நீ சொன்னது சரிதான்டி,” என்றார் தவசி மனைவியிடம். “இந்த வண்டி வந்தப்புறந்தான் மக அடங்கி வீட்ல இருக்கா.”