தலைவன் இல்லாத வலை

மனிதகுல வரலாற்றில் இன்றோடு முதலாளி ஒழிந்தான் என்று பேராசிரியர் ஆராவமுதன் மேடையில் முழங்கினார். அவருடைய வலைப்பின்னலில் தலைமைக் கணினியே கிடையாதாம். எல்லாக் கணினியும் சரிசமமாம். அதை இராப்பகலாகக் கட்டியவள் ஆய்வு மாணவி ஜெசிந்தா. கட்டுரையில் தன் பெயரைக் காணோமே என்று அவள் கேட்டபோது, "எல்லாரும் சமம்கிறப்போ தனியா பேர் எதுக்கும்மா?" என்று சிரித்தவர் அவர். அத்தனை கணினிகளும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது இன்னமும் அவளுடைய லேப்டாப் வழியாகத்தான். அது அணைந்தால் எல்லாம் படுத்துவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அதை மெல்ல மூடினாள்.

"என்னடி பண்ணினே?" என்றாள் பக்கத்துத் தோழி.

"பேசாம பாரு. இப்ப மானம் கப்பலேறும்."

மேடைத் திரையில் கணினிக்கு ஒன்றாகப் புள்ளிகள் ஜம்மென்று மின்னிக்கொண்டே இருந்தன. கைதட்டல் ஓயவில்லை. அவர் போட்டுக் காட்டியது போன வாரம் பதிவுசெய்த வீடியோ.