அடுப்படியில் வைத்த தண்ணீர்

இப்போதெல்லாம் குளிர்கிறதா என்று யாரும் வாசலுக்கு வந்து பார்ப்பதில்லை. போனைத் தடவிப் பார்த்துவிட்டுப் போர்த்திக்கொள்கிறார்கள். என் மகள் வனஜாவும் அப்படித்தான். கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அப்பா, உங்க ஊர்ல இந்த வாரம் பூரா உறைபனின்னு போட்டிருக்கான். பாப்பாவுக்கு ஆகாது. வெயில் வரட்டும், வர்றோம்." போன வருஷமும் வெயில் வரட்டும் என்றுதான் சொன்னாள்.

ராத்திரி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். எங்கள் மலையில் பனியை அப்படித்தான் பார்ப்போம். விடியும்போது தண்ணீர் கண்ணாடியாகியிருந்தால் உறைபனி. விடிந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சிந்தாமல் தூக்கிக்கொண்டு லோகனின் டீக்கடைக்குப் போனேன்.

"இதைப் படம் புடிச்சு வனஜாவுக்கு அனுப்பு."

லோகன் வெளியே கையைக் காட்டினான். புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. "தட்டை எங்க வெச்ச பெருசு?"

"அடுப்படியில."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அங்க வெச்சா ஆவிதான் வரும்!" என்றான் ஒருவன்.

"அவ வந்தா எங்கடா படுப்பா? புல்லு மேலயா?"

லோகன் படம் பிடித்து அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டாங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பாத்துட்டாங்கன்னு மட்டும் காட்டுது."

பார்த்திருந்தால் பேசாமல் இருப்பாளா? இந்தப் போன் சொல்வதை நம்புகிறவன் நம்பட்டும். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.